கைமாறுற காசெல்லாம் வருமானம் இல்லை: டிஜிட்டல் ரூபா பற்றி வன்னியிலயிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய வங்கி ஆளுநர் ஐயாவுக்கும், நிதி அமைச்சிலயும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலயும் இருந்து முடிவெடுக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் பரந்தன் முல்லைத்தீவு றோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க ஒரு பலசரக்குக் கடை வச்சிருக்கிறன். எங்கட மாதர் சங்கத்துக்குப் பொருளாளரும் நான்தான், மாசச் சீட்டும் ஒண்டு பிடிக்கிறன். ஏஎல்லுக்கு வர்த்தகம் படிச்சுக்கொண்டிருக்கேக்க இடம்பெயர வேண்டி வந்திட்டுது, சோதினை எடுக்கக் கிடைக்கேல்லை, ஆனா கணக்கெழுதுற பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகேல்லை. வரிச் சட்டம் ஏதும் மாறினா, மத்திய வங்கி ஏதும் அறிவிச்சா தேடித்தேடி வாசிக்கிறனான். அந்தத் துணிவிலதான் இதை எழுதுறன்.

மத்திய வங்கியே நேரடியா வெளியிடுற டிஜிட்டல் காசைப் பற்றி இப்ப நூறுக்கு மேற்பட்ட நாடுகள் ஆராயுதுகள். பஹாமாஸ் 2020இலயே சாண்ட் டொலர் எண்டு ஒண்டை வெளியிட்டிட்டுது, நைஜீரியா 2021இல இ-நைரா கொண்டு வந்தது, பக்கத்தில இந்தியா 2022 டிசம்பரில இருந்து சாதாரண சனத்தின்ர பாவனைக்கு இ-ரூபாயைப் பரீட்சிச்சுப் பாக்குது. எங்கட நாட்டுக்கும் ஒரு நாள் இதில முடிவெடுக்க வேண்டி வரும். முடிவெடுத்து, அப்பும் செய்து, விளம்பரமும் போட்டாப் பிறகு எங்களைக் கூப்பிட்டு விளக்கம் தாறதில பிரியோசனம் இல்லை, அதாலதான் முன்கூட்டியே எழுதுறன். இதில கதைக்க எத்தினையோ விசயம் இருக்கு, நான் வரியைப் பற்றித்தான் கூடக் கதைக்கப் போறன், ஏனெண்டா டிஜிட்டல் காசு எண்டு சொன்ன உடன எங்கட சனம் கேக்கிற முதல் கேள்வி "அப்ப டாக்ஸ்காரர் எல்லாத்தையும் பாப்பினமோ" எண்டதுதான்.

போன மாசம் ஒரு லோன் அலுவலா பாங்கில ஒரு வருசத்து ஸ்டேட்மென்ட் எடுத்தனான். இரவு கடையைப் பூட்டிப்போட்டு, கடன் கொப்பியையும் சீட்டுக் கொப்பியையும் பக்கத்தில வச்சுக்கொண்டு ஒவ்வொரு வரியாப் பாத்தன். வருசம் முழுக்க என்ர கணக்குக்கு வந்து விழுந்த காசு 37 இலட்சம். எனக்கே திக்கெண்டு போட்டுது. பேந்து ஒவ்வொண்டாப் பிரிச்சன். சீட்டுக் காசு 12 இலட்சம், இருபது பேர் மாசம் ஐயாயிரம் போடுறது, அது வந்த கையோட சீட்டு எடுக்கிற ஆளிட்டப் போயிடும். பக்கத்து மூண்டு வீட்டுக்கு கனடாவிலயும் பிரான்சிலயும் இருந்து பிள்ளையள் அனுப்பினது 9 இலட்சம், அந்த அம்மாமாருக்கு பாங்குக்குப் போய் வர ஏலாது, என்ர கணக்குக்குப் போட்டா நான் எடுத்துக் குடுப்பன். கோயில் திருவிழாவுக்குச் சேர்த்தது 2 இலட்சம். மிச்சம் 14 இலட்சம்தான் கியூஆரிலயும் ட்ரான்ஸ்பரிலயும் சாமான் வாங்கின ஆக்கள் தந்தது, அதிலயும் சாமான் கொண்டு வந்து இறக்கிற லொறிக்காரருக்குக் குடுத்தது போக, லாச்சிக்குள்ள விழுற காசையும் சேர்த்துப் பாத்தாலும், மாசம் முப்பதாயிரம் என்ர கையில மிஞ்சினா அது நல்ல மாசம்.

வருமான வரிக்கு 2025 ஏப்ரலில இருந்து வருசம் 18 இலட்சம் வரைக்கும் விலக்குத் தந்திருக்கிறியள். என்ர உண்மையான வருமானம் அதில அஞ்சில ஒரு பங்கு. ஆனா கொம்பியூட்டருக்கு என்ர கணக்கைக் குடுத்தா அது 37 இலட்சம் எண்டுதான் சொல்லும், விலக்கின்ர ரெண்டு மடங்குக்கும் மேல. சீட்டு எண்டா என்ன, கைமாத்து எண்டா என்ன, அடுத்த வீட்டு அம்மான்ர காசு ஏன் என்ர கணக்கில கிடக்குது எண்டு அதுக்கு ஆர் விளங்கப்படுத்துறது? கைமாறுற காசெல்லாம் வருமானம் இல்லை. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

இது சும்மா பயம் இல்லை. எங்கட ஊரில ஒரு அக்கா, புருசன் இல்லை, ரெண்டு பிள்ளையள், ஒரு உதவித் திட்டத்துக்கு எழுதிப் போட்டவ. ஒரு அலுவலகத்தில அவவின்ர பாங்க் புத்தகத்தை வாங்கிப் பாத்திட்டு "மாசாமாசம் இவ்வளவு காசு வருதே, உங்களுக்கென்னத்துக்கு உதவி" எண்டு கேட்டிருக்கினம். அந்தக் காசு அவவின்ர செத்துப்போன தமையன்ர மகளின்ர படிப்புக்கு லண்டனில இருந்து சொந்தக்காரர் அனுப்புறது, இவ வாங்கி அந்தப் பிள்ளை நிக்கிற விடுதிக்குக் கட்டுறவ, அவ்வளவுதான். அதை நிரூபிக்க ஜீஎஸ் எண்ட கிராம சேவகரின்ர கடிதம், விடுதியில ஒரு கடிதம், லண்டனில இருந்து ஒரு கடிதம் எண்டு எத்தினையோ தரம் பஸ் ஏறி அலைஞ்சு, கடைசியா அலுவல் சரி வர எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் என்ர கடன் கொப்பியில அவவின்ர பக்கம் எப்பிடி நிரம்பினது எண்டு எனக்குத்தான் தெரியும். அண்டைக்கு ஒரு மனுசர் ஒரு புத்தகத்தைப் பாத்து விட்ட பிழை அது. நாளைக்கு எல்லாக் கொடுக்கல் வாங்கலும் ஒரே இடத்தில பதிஞ்சு, அந்த இடத்தை இறைவரித் திணைக்களத்தோட வயரால தொடுத்து விட்டா, அதே பிழை ஒரு இரவுக்குள்ள ஆயிரம் ஊரில நடக்கும், கேக்கிறதுக்கு முன்னால ஒரு ஆளும் இருக்காது.

நெல்லுச் செய்யிற ஆக்களின்ர நிலமையும் இதுதான். காலபோக வெட்டு முடிஞ்சு அஞ்சு ஏக்கர் நெல்லை யாவாரி ஏத்தினா ஒரே நாளில ஒன்பது பத்து இலட்சம் கைக்கு வரும். வந்த கிழமைக்குள்ளயே வெட்டு மிசினுக்கு, உரக்கடைக் கடனுக்கு, எண்ணெய் கிருமிநாசினிக்கு, அடகு வச்ச நகைக்கு எண்டு பிரிஞ்சு போய், அடுத்த விதைப்பு மட்டும் வீடு ஓட்டுறதுக்கு ஒண்டு ஒண்டரை இலட்சம் நிண்டா புண்ணியம். இரணைமடுவில தண்ணி குறைஞ்ச வருசம் அதுவும் இல்லை. இப்பவே 10 இலட்சம் ரூபாவும் அதுக்கு மேலயும் காசாக் கட்டினா எடுத்தா பாங்குகள் உங்கட நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை குடுக்கோணும் எண்டு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ விதி இருக்கு. அது கள்ளக் காசைப் பிடிக்க, நான் அதுக்கு எதிரில்லை. ஆனா அந்தப் பிரிவும் மத்திய வங்கிக்குள்ளதான் இருக்குது எண்டதை நினைச்சுப் பாருங்கோ. காசை வெளியிடுறதும் நீங்கள், சந்தேகமான காசைப் பாக்கிறதும் நீங்கள், நாளைக்கு ஒவ்வொரு ரூபாவும் ஆரிட்ட இருந்து ஆரிட்டப் போகுது எண்ட பதிவும் உங்களிட்டயே இருந்தா, அதுக்கு நடுவில ஒரு மதில் கட்டாயம் வேணும்.

இப்ப பாங்க் அப்பில இருக்கிற காசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு கடைக்கு வாற பொடியளும் கேக்கிறவங்கள். அப்பில நான் பாக்கிறது அந்த பாங்க் எனக்குத் தரவேண்டிய கடன். ஆனா நிதி அமைச்சரும் ஆளுநரும் கையெழுத்து வச்ச நோட்டு மத்திய வங்கியின்ர சொந்தப் பொறுப்பு. டிஜிட்டல் ரூபா எண்டது அந்த நோட்டு போனுக்குள்ள வாறது மாதிரி. ஆனா நோட்டுக்கு ஒரு குணம் இருக்கு, அது ஆரின்ர கையால வந்தது எண்டு ஒருத்தருக்கும் சொல்லாது. நான் பாண் வாங்கினதும் ஒரு பிள்ளைக்கு மருந்து வாங்கினதும் ஒரு செத்தவீட்டுக்கு ரெண்டாயிரம் குடுத்ததும் அந்த நோட்டோடயே முடிஞ்சிடும். போனுக்குள்ள வாற ரூபாவுக்கு அந்தக் குணத்தை நீங்கள் வைப்பியளோ எடுப்பியளோ எண்டதுதான் எங்களுக்கு முக்கியம்.

இந்தியாவில நடந்ததைப் பாருங்கோ. 2025 யூலையில கர்நாடகாவில வணிகவரித் திணைக்களம் போனால காசு அனுப்புற யூபிஐயில வந்த காசின்ர மொத்தத்தை வச்சு ஆயிரக்கணக்கான சின்னக் கடையளுக்கு ஜிஎஸ்டி எண்ட சரக்கு சேவை வரி நோட்டீஸ் அனுப்பினது. சாமான் விக்கிறவைக்கு 40 இலட்சம், சேவை செய்யிறவைக்கு 20 இலட்சம் எண்ட எல்லையைத் தாண்டிட்டியள் எண்டு. பால் விக்கிற ஆள், பழம் விக்கிற ஆள், ரீக்கடைக்காரர் எல்லாருக்கும். ஹாவேரியில ஒரு மரக்கறி யாவாரிக்கு 29 இலட்சம் ரூபாய் கட்டு எண்டு வந்தது, பச்சை மரக்கறிக்கு அங்க ஜிஎஸ்டியே இல்லை. பெங்களூரில கடைக்காரர் கியூஆர் ஒட்டின மட்டையளைக் கழட்டி வச்சிட்டு "காசு மட்டும்" எண்டு எழுதி ஒட்டிச்சினம். பேந்து முதலமைச்சரே தலையிட்டு பழைய நிலுவையை அறவிட மாட்டம் எண்டு சொல்ல வேண்டி வந்தது. யூபிஐ எவ்வளவு பெரிய வெற்றி எண்டு உலகமே சொல்லுது, அந்த வெற்றியை ஒரு கட்டு நோட்டீஸ் ஒரு மாசத்தில ஆட்டிப்போட்டுது. அதுவும் பாங்குக் காசு, மத்திய வங்கிக் காசு கூட இல்லை.

அதால என்ர முதல் வேண்டுகோள் இதுதான். டிஜிட்டல் ரூபா வர முன்னம், பரீட்சார்த்தமாத் தொடங்க முன்னமே, பாராளுமன்றத்தில ஒரு சட்டம் வரோணும். கொடுக்கல் வாங்கலின்ர மொத்தத்தை மட்டும் வச்சு ஒருத்தருக்கும் வரி மதிப்பிடக் கூடாது எண்டு அதில எழுதோணும். ஒரு ஆளின்ர விபரத்தை இறைவரித் திணைக்களம் பாக்கிறதெண்டா அந்த ஆளின்ர பேரில, காரணத்தோட, நீதிமன்றத்திட்ட அனுமதி வாங்கிப் பாக்கட்டும். சும்மா வலை வீசி எல்லாற்ற கணக்கையும் அள்ளி எடுத்திட்டுப் பிறகு ஆர் அகப்பட்டது எண்டு தேடக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கிற சட்டம் 2022இல 9ஆம் இலக்கமா நிறைவேறினது, அது நல்லது, ஆனா அரசாங்கமே ஒரு பக்கத்தில தரவை வச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தில வரி கேக்கிற விசயத்துக்கு அது மட்டும் காணாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

பதிவு எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட சனத்துக்கு நெஞ்சுக்குள்ள ஒரு இறுக்கம் வரும். முகாமில பதிவு, முகாமால வெளியில வர பதிவு, மீள்குடியேற பதிவு, வீட்டில ஆர் இருக்கினம் எண்டு படம் எடுத்துப் பதிவு. ஒவ்வொரு தரமும் உங்கட நன்மைக்குத்தான் எண்டு சொல்லிச்சினம். கொழும்பில இருக்கிற ஒராளுக்கு டிஜிட்டல் காசு எண்டா வசதி எண்டு படும், அதே விசயம் விசுவமடுவில இருக்கிற ஆளுக்கு இன்னொரு பதிவு எண்டு படும். அதை அறியாமை எண்டு எடுக்காதேங்கோ, அது நாங்கள் பட்டு அறிஞ்சது.

அடுத்தது, தானா வெட்டுற வரி. அம்மான்ர பேரில ஆறு இலட்சம் நிலையான வைப்பில கிடக்கு, வருத்தம் துன்பத்துக்கு எண்டு. மாசம் நாலாயிரம் வட்டி வரும். 2025 ஏப்ரலில இருந்து வட்டிக்கு 5 சதவீதமா இருந்த முற்பண வரியை 10 சதவீதம் ஆக்கினீங்கள், மாசம் நானூறு ரூபா வெட்டுப்படுது. வருசம் 18 இலட்சத்துக்குக் கீழ வருமானம் உள்ள ஆள் ஒரு பிரகடனம் எழுதிக் குடுத்தா வெட்டமாட்டினம் எண்டு வச்சிருக்கிறியள், சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனா அதுக்கு அம்மாவுக்கு டின் எண்ட வரி நம்பர் எடுக்கோணும், படிவம் நிரப்போணும், பாங்குக்குப் போகோணும். 74 வயசு, முழங்கால் ஏலாது. நான் இருக்கிறபடியா செய்து குடுத்தன். எங்கட ஒழுங்கையில இன்னும் நாலு கிழவியளுக்கு இண்டைக்கும் வெட்டுப்பட்டுக்கொண்டுதான் இருக்கு, அவைக்கு வெட்டுறது தெரியவும் தெரியாது. வெட்டுறது தானா நடக்குது, வெட்டாமல் விடச் சொல்லுறதுக்கும் வெட்டினதைத் திருப்பி எடுக்கிறதுக்கும் நாங்கள் நடக்கோணும். டிஜிட்டல் ரூபாவில இந்த வெட்டு இன்னும் லேசாப் போயிடும், ஒரு கட்டளை எழுதினாச் சரி. அப்பிடியெண்டா திருப்பித் தாறதையும் அதே மாதிரித் தானா நடக்க வையுங்கோ. ஒரு ஆளின்ர வருமானம் எல்லைக்குக் கீழ எண்டு உங்களிட்ட ஏற்கனவே தெரிஞ்சிருந்தா, வறிய குடும்பங்களுக்குக் குடுக்கிற அஸ்வெசும உதவிப் பட்டியலில இருக்கிற ஆள் எண்டா, பிறகென்னத்துக்கு அவவிட்டப் படிவம்?

வற் எண்ட பெறுமதி சேர் வரியில இதை நல்ல விதமாவே பாவிக்கலாம், அதையும் சொல்லத்தான் வேணும், நான் இதுக்கு முழு எதிராளி இல்லை. 2024 ஜனவரியில இருந்து வற் 18 சதவீதம். எங்கட சனம் வரி கட்டுறேல்லை எண்டு கொழும்புப் பக்கம் கதைக்கிறவைக்கு நான் ஒண்டு சொல்லோணும், பெரிய கொம்பனியிட்ட இருந்து 118 ரூபாவுக்கு என்ர கடைக்கு வாற ஒரு சாமானில 18 ரூபா வற். நான் பதிவு செய்யாத சின்னக் கடை, 2024இல பதிவு எல்லையை வருசம் 60 மில்லியன் எண்டு வச்சியள், அது இன்னும் எவ்வளவு இறங்கினாலும் என்ர கடை கிட்டவும் வராது. அதால அந்த 18 ரூபாவை நான் ஒருத்தரிட்டயும் திருப்பிக் கேக்க ஏலாது, கடைசியா அது சவுக்காரம் வாங்கிற அக்கான்ர தலையிலதான் விழும். அவ கட்டுறா. கூலி வேலைக்குப் போறவவும் சுப்பர் மார்க்கெட்டில ட்ரொலி தள்ளுறவவும் கட்டுறது ஒரே 18தான்.

அப்ப காசு எங்க நிக்குது எண்டா, சனத்திட்ட வாங்கின வற்றை பெரிய இடங்கள் திறைசேரிக்குக் கட்டாமல் வச்சிருக்கிற இடத்தில. அதுக்கு வெளிநாட்டில ஒரு முறை இருக்கு, காசு கட்டேக்கயே வரிப் பங்கைப் பிரிச்சு நேரா வரிக் கணக்குக்கு அனுப்புறது, விக்கிறவரின்ர கைக்கு அது போறதே இல்லை. இத்தாலி 2015இல அரசாங்கம் வாங்கிற சாமான்களுக்கு இதைத் தொடங்கினது, போலந்து 2019இல சில துறையளுக்குக் கட்டாயமாக்கினது. டிஜிட்டல் ரூபாவில இது இன்னும் லேசு. அதை பெரிய இறக்குமதிக்காரர், பெரிய மொத்த யாவாரியள், கொழும்பில கோடிக்கணக்கில புழங்கிற இடங்களில முதலில செய்து காட்டுங்கோ. என்ர கடையில பாண் விக்கேக்க வெட்டுறதுக்குக் கொண்டு வராதேங்கோ, பதிவு எல்லைக்குக் கீழ இருக்கிற கடையில பிரிச்சா அது ரெண்டாந்தரம் வரி. அங்க பிடிபடுற காசில ஒரு பங்கை வறிய குடும்பத்துக்கு அவை கட்டின வற்றுக்குப் பதிலாத் திருப்பிக் குடுங்கோ. பிரேசிலில ரியோ கிராண்டே டோ சுல் எண்ட மாநிலம் 2021இல இருந்து இப்பிடித் திருப்பிக் குடுக்குது, இப்ப அந்த நாட்டின்ர புது வரிச் சட்டத்திலயே இது வந்திட்டுது. ஏலாத விசயம் இல்லை.

வருமானம் குறைஞ்சது ஊரில சனம் காசா யாவாரம் செய்தபடியா எண்டு நினைச்சு இதைத் தொடங்காதேங்கோ. 2019 டிசம்பரில வற்றை 15இல இருந்து 8 ஆக்கினதும், பதிவு எல்லையை வருசம் 12 மில்லியனில இருந்து 300 மில்லியனுக்கு உயர்த்தினதும் கொழும்பில எடுத்த முடிவு. 2022இல வரி வருமானம் நாட்டின்ர மொத்த உற்பத்தியில 8 சதவீதத்துக்கும் கீழ போய், ஏப்ரலில வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சு, 2023 மார்ச்சில ஐஎம்எப்பிட்ட போன வழி அதுதான். அந்த மூண்டு வருசத்தில என்ர கடையில ஒரு ரூபாக் கணக்கும் மாறேல்லை.

காசை அனுப்புறதுக்கே வரி போடுற யோசினை வந்தா தயவு செய்து அதை முளையிலயே கிள்ளுங்கோ. எங்கட நாட்டிலயே 2002இல பாங்கில இருந்து எடுக்கிற காசுக்கு பற்று வரி எண்டு ஆயிரத்துக்கு ஒரு ரூபா எடுத்தவை, 2011இலதான் அது போனது. கானாவில 2022 மே மாசம் போனால அனுப்புற காசுக்கு ஒண்டரை சதவீதம் போட்டாங்கள், சனம் திரும்ப நோட்டுக்குப் போச்சுது, அடுத்த வருசம் ஒண்டாக் குறைச்சாங்கள், 2025இல முழுசா எடுத்துப்போட்டாங்கள். ஒரு சீட்டுக் காசு நாலு கை மாறினா நாலு தரம் வரி, அது வரி இல்லை, அரிக்கிறது.

காலாவதியாகிற காசும் அதே மாதிரித்தான். சீனாவில 2020இல ஷென்சென் நகரத்தில டிஜிட்டல் யுவானை 50,000 பேருக்கு 200 யுவான் படி குலுக்கலில குடுத்தவை, ஒரு கிழமைக்குள்ள செலவழிக்காட்டி போயிடும் எண்டு. அது இலவசமாக் குடுத்தது, பரவாயில்லை. ஆனா உழைச்ச காசுக்கோ உதவிக் காசுக்கோ உப்பிடி ஒரு திகதியை வைக்க முடியும் எண்ட வசதியே எனக்குப் பயமாக் கிடக்கு. உதவிக் காசு வந்தா உடன செலவழிக்கிறதில்லை நாங்கள், மாரிக்கு வச்சிருப்பம். சேமிச்சு வச்சிருக்கிற ஆளிட்ட இருந்து அதைப் பறிச்சா அதுக்கு வரி எண்டு பேர் வைக்காட்டியும் அது வரிதான், பாராளுமன்றம் பாஸ் பண்ணாத வரி.

நோட்டை ஒழிக்க மாட்டம் எண்டு சட்டத்தில எழுதித் தாங்கோ. இதை நான் ஏன் கெஞ்சிக் கேக்கிறன் எண்டா, 2009 சித்திரையில நாங்கள் மாத்தளன் பக்கத்தால நந்திக்கடல் தண்ணிக்குள்ளால நடந்து வரேக்க அம்மா பதினெட்டாயிரம் ரூபாவை சொப்பின் பையில சுத்தி வயித்தோட கட்டிக்கொண்டு வந்தவ. தண்ணி நெஞ்சு மட்டும் வந்தது. பை கிழிஞ்சு நோட்டெல்லாம் ஊறிப்போச்சு. மெனிக் பாம் முகாமில கூடாரத்துக்கு முன்னால ஒரு சாக்கை விரிச்சு, நோட்டை ஒவ்வொண்டாப் பிரிச்சு வச்சு, காத்துக்குப் பறக்காமல் ஒவ்வொண்டுக்கும் மேல ஒவ்வொரு சின்னக் கல்லு வச்சு, பொழுதுபடும் மட்டும் அதுக்குப் பக்கத்தில இருந்தவ. சேறு மணத்தது. அந்த நோட்டில முதல் வாங்கினது என்ர கடைசித் தம்பிக்கு பால்மா. கரண்ட் இல்லை, போன் இல்லை, அடையாள அட்டையும் துலைஞ்சு போச்சு, ஒருத்தரும் எங்களை ஆர் எண்டு கேக்காமல் அந்தக் காசு செல்லுபடியானது. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளில டவரும் படுத்திட்டுது, அண்டைக்கும் நோட்டும் கடன் கொப்பியும்தான் கடையை நடத்தினது. இந்தியாவில 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டு செல்லாது எண்டு சொன்னவை, புழக்கத்தில இருந்த காசின்ர பெறுமதியில 86 சதவீதம், கடைசியில 99 சதவீதம் பாங்குக்கே திரும்பி வந்திட்டுது, கறுப்புப் பணம் எரிஞ்சதா இல்லை, வரிசையில நிண்டது கூலிக்காரர்தான். நைஜீரியாவில 2023 தொடக்கத்தில நோட்டை மாத்துறம் எண்டு காசுக்குத் தட்டுப்பாடு வந்து சனம் தெருவுக்கு வந்தது, இ-நைரா அப்ப கையில இருந்தும் அவையின்ர வயித்தை நிரப்பேல்லை.

சின்னத் தொகையளுக்கு நெட்வேக் இல்லாமலே கைபோனில இருந்து கைபோனுக்கோ அட்டையில இருந்து அட்டைக்கோ போற மாதிரி, ஆர் ஆருக்குக் குடுத்தது எண்டு பதியாமல் இருக்கிற மாதிரி செய்யலாம். ஐரோப்பிய மத்திய வங்கி தன்ர டிஜிட்டல் யூரோவில நெட் இல்லாமல் குடுக்கிற காசுக்கு நோட்டு மாதிரியான மறைவு இருக்கும் எண்டு சொல்லியிருக்கு. அதை இஞ்சயும் கேக்கிறம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்க எத்தினை இடத்தில ஒரு சிக்னல் கோடுக்கு மரத்துக்குக் கீழ போய் நிக்க வேண்டியிருக்கு எண்டு வந்து பாத்தா விளங்கும்.

வெளிநாட்டுக் காசு பற்றி ஒரு விசயம், இது உங்களுக்கே நல்லாத் தெரியும். 2021இல டொலரை 200 ரூபாச் சொச்சத்தில பிடிச்சு வச்சியள், வெளியில அதுக்கும் மேல குடுத்தாங்கள், சனம் பாங்குக்கு வெளியால ஆள் மூலம் காசு அனுப்புற உண்டியலுக்குப் போச்சு. 2020இல 7.1 பில்லியன் டொலர் பாங்கால வந்தது 2022இல 3.8 பில்லியன் ஆச்சு. ஒருத்தரும் நாட்டுக்குத் துரோகம் செய்யோணும் எண்டு போகேல்லை, மகன் ரொரன்ரோவில குளிருக்குள்ள உழைச்ச காசு அம்மான்ர கைக்கு முழுசா வரோணும் எண்டுதான் போனது. நேர்மையான விலை வந்தாப் பிறகு அடுத்த வருசமே திரும்பி வந்தினம். டிஜிட்டல் ரூபாவும் அப்பிடித்தான். வரிக்கு வைச்ச பொறி எண்டு சனத்தின்ர மனசில விழுந்தா, உண்டியல்காரர் மட்டும்தான் நல்லா இருப்பினம்.

பாங்குகளில இருக்கிற வைப்பெல்லாம் டிஜிட்டல் ரூபாவுக்கு ஓடினா பாங்குக்குக் கடன் குடுக்கக் காசு குறையும், அவை கட்டுற வரியும் குறையும், எங்கட நகைக்கடன் வட்டி கூடும், அதால ஒராள் எவ்வளவு வச்சிருக்கலாம் எண்டு ஒரு எல்லை வைக்கத்தான் வேணும் எண்டு எனக்கும் விளங்குது. அதைப் பற்றி என்னை விடத் தெரிஞ்ச ஆக்கள் உங்களிட்ட இருப்பினம்.

வரி நிலுவைக்கு ஒரு ஆளின்ர காசை முடக்கிறதெண்டா, முடக்க முன்னம் அறிவித்தல், அறிவித்தல் தமிழில, பதில் சொல்ல அவகாசம், முறையிட ஒரு இடம், அந்த இடம் கொழும்பில மட்டும் இருக்கக் கூடாது. 1988இல 16ஆம் திருத்தம் வந்த நாளில இருந்து வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ். ஆனா ஒரு திணைக்களத்தில இருந்து போன வருசம் எங்கட சங்கத்துக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களம், அதை வாசிச்சுச் சொல்ல ஒரு ஆமிக்காரப் பொடியன்தான் உதவி செய்தவன், நல்ல பிள்ளை. ஆனா என்ர வரி அலுவலை வாசிக்க நான் றோட்டால போற ஆளைக் கூப்பிட வேண்டி வரக்கூடாது.

கிளிநொச்சியில உங்கட மத்திய வங்கியின்ர மாகாண அலுவலகம் இருக்கு. டிஜிட்டல் ரூபா பற்றி ஒரு பத்திரம் எழுத முன்னம் அங்க ஒரு நாள் வந்து இருங்கோ. வெட்டு நேரம் வேண்டாம், ஒருத்தரும் வராயினம், மாசி முடியட்டும். நெல்லுக்காரர், முல்லைத்தீவுக் கடலால வாற ஆக்கள், சீட்டுப் பிடிக்கிற பெம்பிளையள் எல்லாரையும் நான் கூட்டிக்கொண்டு வாறன். என்ர 37 இலட்சத்து ஸ்டேட்மென்ட்டையும் ரெண்டு கொப்பியையும் கொண்டு வருவன். உங்கட அதிகாரியள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில இது வருமானம், இது வருமானம் இல்லை எண்டு எழுதிப் பாக்கட்டும். எனக்கு அதுக்கு ஒரு இரவு முழுக்கப் பிடிச்சது.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்தில இருந்து
ஒரு பலசரக்குக் கடைக்காரி, மாதர் சங்கப் பொருளாளர்